குரோம்பேட்டை பென்குயின்

குரோம்பேட்டைக்கும் கூகுள் குரோமுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எங்கள் தெருப் பையன் ஒருவன் என்னிடம் நிஜமாகவே கேட்டான். ‘அங்கிள், குரோம் பிரவுசரை இங்கதான் கண்டுபிடிச்சாங்களா?’

இல்லை கண்ணா. தோல் பதனிடும் கம்பெனி ஒன்று இருந்தது. குரோம் லெதர் கம்பெனி. வெள்ளைக்காரன் காலத்துச் சமாசாரம். அதனால் வந்த பெயர். கம்பெனி போய்விட்டது. பெயர் மட்டும் ஸ்டேஷன் போர்டில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பையன் கேட்டதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய காரியம் இதே குரோம்பேட்டையில் நடந்திருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது சானடோரியம், அதற்கடுத்தது குரோம்பேட்டை. இரண்டே ஸ்டேஷன். அங்கே எம்.ஐ.டி. இருக்கிறது. மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. 1949-ல் ராஜம் என்கிற தொழிலதிபர் தன் சொந்த பங்களாவை விற்று ஆரம்பித்த கல்லூரி. அப்துல் கலாம் படித்தது இங்கேதான். எழுத்தாளர் சுஜாதா படித்ததும் இங்கேதான். இன்றைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்.

இந்த வளாகத்துக்குள் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் கம்பெனி நடத்திப் பெரும்பணம் சம்பாதித்த கே.பி. சந்திரசேகர், தான் படித்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த நன்கொடையில் உருவானது. 2005-ல் மத்திய அரசு இந்த மையத்தையும், தரமணியில் இருந்த சி-டாக் நிறுவனத்தையும் சேர்த்து ஒரு பொறுப்பை ஒப்படைத்தது. கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கு ஒரு தேசிய வள மையம். தேசத்துக்கே ஒன்று. தில்லியில் இல்லை, பெங்களூரில் இல்லை. தரமணியில் பாதி, குரோம்பேட்டையில் பாதி.

இந்தியப் பள்ளிக்கூடங்களிலும் அரசு அலுவலகங்களிலும் காசு கொடுக்காமல் ஓடக்கூடிய ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆட்களைத் தயார் செய்யவேண்டும். இதுதான் வேலை. அந்த வேலை என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வாரக் கதை.

கதையை ஆரம்பிக்க இன்னொரு எம்.ஐ.டி.க்குப் போகவேண்டும். இது அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் இருப்பது.

1980 வாக்கில் அங்கே செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை இனாமாகக் கொடுத்தது. நல்ல பிரிண்டர்தான். ஆனால் அடிக்கடி பேப்பர் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டது என்று யாருக்கும் சொல்லாது. ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற இளைஞர், இதற்கு முன்பிருந்த பிரிண்டருக்கு ஒரு வைத்தியம் செய்து வைத்திருந்தார். பேப்பர் மாட்டினால் எல்லோருடைய திரையிலும் தகவல் வரும்படி புரோகிராமைத் திருத்தியிருந்தார். அதையே இதற்கும் செய்யலாம் என்று பார்த்தால், முடியவில்லை. பிரிண்டர் கொடுத்தவர்கள் அதன் மூல நிரலைக் கொடுக்கவில்லை. அந்த நிரல் இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரிலேயே போய்க் கேட்டார். கொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், தர முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார்.

மனிதருக்கு வந்தது கோபம். நம் வீட்டில் இருக்கிற சாமானை நாமே ரிப்பேர் செய்யக்கூடாது என்றால் என்ன நியாயம் இது? 1983 செப்டம்பர் 27 அன்று அறிவித்தார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அப்படி ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதப்போகிறேன். பெயர் குனு. எட்டு வருடம் கழித்து, 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதிய கரு வந்து சேர்ந்ததும் முழுமையாயிற்று. அதுதான் லினக்ஸ். பென்குயின் படம் போட்டிருக்குமே, அது.

நான் பி.காம். படித்தவன். இலவசம் என்றாலே இந்தச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுகிற புத்தி. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் படாத பாடு படுகிறார்கள். காசில்லாததும் ஃப்ரீ, சுதந்திரமானதும் ஃப்ரீ. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஓசி வேறு, கட்டற்றது வேறு. ஸ்டால்மன் சொன்னது இரண்டாவது. ஆனால் பள்ளிக்கூடங்களும் அரசாங்கங்களும் காதில் வாங்கிக்கொண்டது முதலாவதை மட்டும்தான். பின்னால் வரப்போகிற வம்புகள் பாதிக்கு இதுவே காரணம்.

தொண்ணூறுகளின் கடைசியில், இரண்டாயிரத்தின் ஆரம்பத்தில் நம் ஊர்ப் பள்ளிக்கூட லேப் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போகவேண்டும். கோயில் மாதிரி. உள்ளே ஏசி. மானிட்டர்களுக்கு உறை போட்டு வைத்திருப்பார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். ஒருவன் மவுஸைப் பிடிப்பான், மற்ற மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். அத்தனை மெஷினிலும் விண்டோஸ் இருக்கும். பல இடங்களில் அது ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சிடி. அசல் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பையன் ஃப்ளாப்பியோ பென் டிரைவோ கொண்டுவந்து செருகினால், சாயங்காலத்துக்குள் லேப் முழுக்க வைரஸ். அப்புறம் ‘சர்வீஸ் ஆள்’ வரும்வரை பூட்டு.

லினக்ஸ்காரர்கள் இதற்கு ஓர் அழகான மாற்று வைத்திருந்தார்கள். வகுப்பில் ஒரே ஒரு நல்ல கம்ப்யூட்டர் போதும். அது சர்வர். மற்றவை எல்லாம் ஓட்டை உடைசலாக இருக்கலாம், ஹார்ட் டிஸ்க்கே இல்லாமலும் இருக்கலாம். சுவிட்சைப் போட்டதும் அவை நெட்வொர்க் வழியாக சர்வரைக் கூப்பிடும். சர்வர் தன்னிடமிருந்து சிஸ்டத்தை அனுப்பிவைக்கும். பையன் எந்த மெஷினில் உட்கார்ந்து பெயரைக் கொடுத்தாலும் அவனுடைய ஃபைல்கள் அங்கே வந்து நிற்கும். ரிப்பேர் என்றால் சர்வரை மட்டும் பார்த்தால் போதும். 1999 வாக்கில் அமெரிக்காவில் ஜிம் மெக்குவிலன் என்பவர் ஆரம்பித்த திட்டம் இது. 2001-ல் நார்வேக்காரர்கள் பள்ளிகளுக்கென்றே இதையெல்லாம் ஒரு தொகுப்பாகக் கட்டி, ஸ்கோலெலினக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் கோவாவில் அதே காலகட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர்களை வைத்துப் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தார்கள்.

ஆனால் முதல் பெரிய ஆட்டம் மெக்சிகோவில். 1998. ஆர்ட்டுரோ எஸ்பினோசா என்கிற இளைஞர் தலைமையில், நாட்டின் 1,40,000 பள்ளிகளில் லினக்ஸ் போடப்போவதாக அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்க லினக்ஸ் அன்பர்கள் கைதட்டினார்கள். கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அத்தனை பள்ளிக்கும் லைசென்ஸ் வாங்கினால் கஜானா காலி. லினக்ஸ் என்றால் சிடி செலவு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் இல்லை. பள்ளிகளுக்கு வந்திருந்த மோடம்கள் பலவற்றுக்கு லினக்ஸில் டிரைவர் கிடையாது. அவை விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. பழுதானால் பார்க்க உள்ளூரில் ஆள் இல்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், லட்சத்து நாற்பதாயிரத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய பள்ளிகள்தான் தேறின. காசு மிச்சம் என்பதை மட்டும் சொல்லி ஆரம்பித்த திட்டம், காசு செலவழித்துச் செய்யவேண்டிய ஒரே வேலையை விட்டுவிட்டது. அதாவது, ஆள் தயார் செய்வதை.

இப்போது குரோம்பேட்டைக்குத் திரும்பலாம்.

தேசிய வள மையத்தில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் செய்வது தரமணி சி-டாக்கின் பொறுப்பு. ஆள் தயார் செய்வது, பாடத்திட்டம் எழுதுவது பேராசிரியர் சி.என். கிருஷ்ணன் தலைமையில் குரோம்பேட்டையின் பொறுப்பு. மெக்சிகோ கோட்டைவிட்ட அதே விஷயத்தை இவர்கள் ஆரம்பத்திலேயே சரியாகப் பிடித்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருள் ஒரு விருப்பப்பாடமாக நுழைந்தது இவர்கள் முயற்சியில்தான்.

2007 ஜனவரியில் தரமணியின் சரக்கு வெளியே வந்தது. டெபியன் என்கிற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மெனுக்கள் வரும்படி செய்யப்பட்ட ஆபரேட்டிங் சிஸ்டம். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சுருக்கமாக பாஸ். அதே வருடம் ஜூன் மாதம் ரஜினியின் ‘சிவாஜி: தி பாஸ்’ வந்தது தற்செயல். எந்த பாஸ் ஓடியது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு இணையாக இன்னொரு காட்சி. 2006 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். வந்தார். அரசுத் துறைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கும் நிறுவனம் எல்காட். உமாசங்கர், திருவாரூர் கலெக்டராக இருந்தபோதே ஃபைல்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெயர் வாங்கியவர். வேலையில் பிடிவாதக்காரர். அவர் முதலில் கைவைத்தது வெளியே இல்லை. எல்காட்டின் சொந்த அலுவலகத்தில். இனி இங்கே லினக்ஸ்தான். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் தன் மேஜையில் செய்து பார்த்த அதிகாரி என்ற வகையில் எனக்கு இந்த இடம் பிடிக்கும்.

அடுத்தது பள்ளிக்கூடங்கள். 2007-ன் கடைசியில் விவரம் வெளியானது. 30,000 கம்ப்யூட்டர்கள், 1,880 சர்வர்கள். எல்லாவற்றிலும் சூசே லினக்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கு ஒரு சர்வர், அதைச் சுற்றி பதினைந்து, பதினாறு மெஷின். இந்தியாவில் ஒரு மாநில அரசு அதுவரை யோசித்திராத அளவு.

ஒரு சின்ன உறுத்தல். சூசே என்பது ஜெர்மன்காரர்கள் உருவாக்கியது. அப்போது அமெரிக்காவின் நோவெல் கம்பெனி கையில் இருந்தது. தரமணியில் நம்முடையது ஒன்று தயாராகிக்கொண்டிருக்கும்போது ஜெர்மன் சரக்கு எதற்கு? எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான்: பாஸ் அப்போது கைக்குழந்தை. முப்பதாயிரம் மெஷினைக் கைக்குழந்தையிடம் யாரும் ஒப்படைக்கமாட்டார்கள். ஒரு பிரச்னை என்றால் போன் பண்ண ஒரு கம்பெனி வேண்டும். ஆனாலும் ஒரே ஊரில், பஸ் பிடித்துப் போகிற தூரத்தில், ஒருவர் செய்வதும் இன்னொருவர் வாங்குவதும் தனித்தனியாக நடந்தது என்பதைப் படிக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நிற்க. இதுவரை சொன்னது மேலே நடந்த கதை. டெண்டர், சர்வர், அறிவிப்பு. கீழே, லேபில் என்ன நடந்தது?

2005-ல் வந்த பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகம் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு தொகுதி. முதல் தொகுதியில் ஸ்டார் ஆபீஸ். ஆமாம், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இல்லை. ஜெர்மனியில் ஒரு பதினாறு வயசுப் பையன் ஆரம்பித்த கம்பெனியின் தயாரிப்பு, பிறகு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. இதிலிருந்து பிறந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். லினக்ஸிலும் ஓடும். ஆக, பாடப்புத்தகம் போட்டவர்கள் உமாசங்கருக்கு முன்னாலேயே பாதிக் கிணறு தாண்டியிருந்தார்கள்.

மீதிப் பாதி இரண்டாம் தொகுதியில் இருந்தது. சி++. அதில் வருகிற புரோகிராம்கள் எல்லாம் நீலத் திரை டர்போ சி++ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்தப் பழைய டாஸ் காலத்துச் சாமான். அச்சிட்டிருப்பதை அப்படியே லினக்ஸின் ஜி++ஸில் அடித்துப் பாருங்கள். மேலே ‘கோனியோ’ என்று ஒரு ஃபைலைச் சேர்க்கச் சொல்லியிருக்கும். லினக்ஸில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது. திரையைத் துடைக்க ‘கிளியர் ஸ்க்ரீன்’ என்று ஒரு கட்டளை. அது அந்த ஃபைலில் இருந்து வருவது, அதனால் அதுவும் கிடையாது. ‘வாய்டு மெயின்’ என்று ஆரம்பித்தால் ஜி++ ஒப்புக்கொள்ளாது. மெயின் என்பது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரவேண்டும் என்று அடம்பிடிக்கும். சட்டப்படி ஜி++ சொல்வதுதான் சரி. புத்தகத்தில் இருப்பதுதான் தப்பு. ஆனால் பரீட்சையில் மார்க் போடுகிறவர் கையில் இருப்பது எது? புத்தகம்.

ஒரு நிமிஷம் அந்த டீச்சர் இடத்தில் நின்று யோசியுங்கள். பிராக்டிகல் பரீட்சை பிப்ரவரியில். பிள்ளைகள் புத்தகத்தில் உள்ளதை மனப்பாடம் செய்து அடிக்கிறார்கள். எர்ரர், எர்ரர், எர்ரர். மூன்று வரியை மாற்றினால் சரியாகிவிடும். அந்த மூன்று வரி எது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால்? அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். தெரிந்த பையனைக் கூப்பிட்டு, ‘தம்பி, இதுல விண்டோஸ் போட்டுக் குடுத்துடுப்பா.’

புறநகரில் ஒரு பள்ளியில் இதை நானே பார்த்திருக்கிறேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். மானிட்டர் ஓரத்தில் பச்சைப் பல்லி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பச்சோந்திதான் சூசேவின் சின்னம். உள்ளே எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரணம், அவர் வேலையின் கதை இன்னும் மோசம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 1999-ல் கம்ப்யூட்டர் பாடம் பரவலாக வந்தபோது, சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தது கல்வித்துறை அல்ல. எல்காட் வழியாக, தனியார் நிறுவனங்கள் மூலம், ஒப்பந்தத்தில். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஆள் மாதிரி. மற்ற ஆசிரியர்களோடு ஒரே ஸ்டாஃப் ரூம், ஆனால் சம்பளம் அவர்களில் பாதிகூட இல்லை. பல வருடம் போராடிய பிறகு 2008-ல் ஒரு சிறப்புத் தேர்வு வைத்தார்கள். பாஸானால் நிரந்தரம். பாஸ் மார்க் 50 சதவிகிதமா, 35-ஆ என்று அதிலும் வழக்கு. கோர்ட், மேல்முறையீடு, இன்னொரு கோர்ட். கடைசியில் நூற்றுக்கணக்கான பேர், பத்து வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவர்கள், வேலையை இழந்தார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2007-ன் கடைசியில் லேபுக்கு லினக்ஸ் அறிவிப்பு. 2008-ல் லேபில் இருந்தவருக்கு வேலை நிலைக்குமா என்று பரீட்சை. தன் வேலையே தொங்கலில் இருக்கிற ஒருவர் புதிதாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கற்றுக்கொண்டு அதன்மேல் காதல் வளர்ப்பார் என்று எந்தக் கணக்கில் எதிர்பார்ப்பது?

அதே 2008-ல் உமாசங்கரும் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை.

அடுத்த அத்தியாயம் உங்களுக்கே தெரியும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஆரம்பித்துவைத்தார். முதல் வருடம் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேல். போகப் போக ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். சுவிட்சைப் போட்டதும் கேட்கும், விண்டோஸா, பாஸா? குரோம்பேட்டை, தரமணிச் சரக்கு ஒருவழியாகத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு குடிசையில், தேனியில் ஒரு லைன் வீட்டில். இந்த அளவுக்கு வீடு வீடாகப் போன லினக்ஸ் உலகத்திலேயே அதிகம் கிடையாது.

திறந்தவர்கள் எத்தனை பேர்?

தாம்பரம் மேற்கில் அந்த நாளில் ஒரு சின்ன சர்வீஸ் கடைக்கு என் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் மடிக்கணினிப் பையோடு பிள்ளைகள் வரிசை. பின்பக்கம் முதலமைச்சர் படம் போட்ட மடிக்கணினிகள். கடைக்காரர் வேறெதுவும் கேட்கவே இல்லை. வாங்கினார், மொத்தமாக அழித்தார், கள்ள விண்டோஸ் ஒன்றைப் போட்டார், நாலு சினிமாப் படத்தையும் ஏற்றிக் கொடுத்தார். முந்நூறு ரூபாய். ‘அந்த பாஸ் எதுக்குங்க சார், இடத்தை அடைச்சுக்கிட்டு?’ என்றார். காசில்லாமல், முறையாகக் கிடைத்ததை அழித்துவிட்டு, காசு கொடுத்துத் திருட்டுச் சரக்கை வாங்கிக்கொண்டு போனார்கள் பிள்ளைகள். இந்த வியாபாரத்தைப் பற்று வரவில் எப்படி எழுதுவது என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்? பள்ளியில் அதைத் திறந்து காட்டியவர் இல்லை. பரீட்சையில் அதிலிருந்து கேள்வி இல்லை.

இந்த இடத்தில்தான் கேரளா வருகிறது. வந்தே தீரும்.

அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆரம்பித்தது 2001-ல். ஆரம்பத்தில் அவர்களும் விண்டோஸ் பாடம்தான் வைத்தார்கள். அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. கிளப்பியது யார்? பள்ளி ஆசிரியர் சங்கம். ஒரு கம்பெனியின் சரக்கை மட்டும் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லித்தரவேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் கற்றுக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார், மலையாள டீச்சர், அறிவியல் டீச்சர் இவர்களிலிருந்தே ஆள் எடுத்து, பயிற்சியாளர்களாக்கி, அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பாடத்துக்கென்று வெளியிலிருந்து ஒப்பந்த ஆள் இல்லை. நிரந்தர வேலையில் இருக்கும் ஆசிரியர்தான் லேபுக்கும் பொறுப்பு.

அப்புறம் முக்கியமான காரியம் ஒன்று செய்தார்கள். பத்தாம் வகுப்பில் ஐ.டி.யைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். 2008 வாக்கில் பிராக்டிகல் பரீட்சை முழுவதும் லினக்ஸில். தீர்ந்தது. பரீட்சை அதில் என்றால் பாடம் அதில். பாடம் அதில் என்றால் லேபில் அது. லேபில் இருப்பதை யாரும் அழிக்கமாட்டார்கள். அழித்தால் பிள்ளை ஃபெயில்.

பத்து வருடம் கழித்து, 2019 வாக்கில், இரண்டு லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அவர்களே தயாரித்த லினக்ஸ் தொகுப்பு ஓடியது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தார்கள். இங்கே என் பி.காம். புத்தி கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு மெஷினுக்கு ஒன்றரை லட்சம். ஒரு பள்ளிக்கூட மெஷினுக்கு யாராவது ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்குவார்களா? வாங்கவே போகாத சாமானின் விலையையெல்லாம் மிச்சக் கணக்கில் எழுதினால் நான்கூடக் கோடீஸ்வரன்தான். ஆனால் கணக்கை விடுங்கள். அவர்களுடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று குழு வைத்து, லேப் பழுதானால் தாங்களே திறந்து பார்க்கிறார்கள். ஸ்டால்மன் அந்த பிரிண்டரிடம் கேட்டது இதைத்தான்.

நம் பக்கம் எதுவுமே மிஞ்சவில்லை என்று நினைத்துவிடவேண்டாம். தாம்பரம் வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போவதற்கு முன்னால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்ததல்லவா? அந்தக் காலத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்றைத் தாம்பரத்தில் கூடிப் பேசி வளர்த்தார்கள். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். லீவு நாளில் கூடுவார்கள். யாருக்கு எது தெரியுமோ சொல்லித்தருவார்கள். டீச்சருக்குத் தேவைப்பட்ட அந்த மூன்று வரியைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஆட்கள் ரயிலில் நாலு ஸ்டேஷன் தூரத்தில்தான் இருந்திருக்கிறார்கள். 2012 முதல் ‘கணியம்’ என்று ஒரு மின்னிதழ். லினக்ஸ் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள், தமிழிலேயே புத்தகங்கள், எல்லாம் கட்டற்ற உரிமத்தில். யாரும் டெண்டர் விடவில்லை.

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்தியபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறவேண்டும் என்று மறுபடி ஓர் உத்தரவு வந்தது. உத்தரவுகள் வரும்.

உருப்படியாக நடந்தது 2018-ல். பிளஸ் ஒன் புத்தகம் புதிதாக எழுதப்பட்டது. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸ். ஆபீஸ் வேலைக்கு ஓப்பன் ஆபீஸ். அடுத்த வருடம் பிளஸ் டூவில் பைத்தான் மொழி. பைத்தான் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடும். கோனியோ கிடையாது, வாய்டு மெயின் கிடையாது. பத்து வருடத்துக்கு முன் அந்த டீச்சருக்குத் தேவைப்பட்ட புத்தகம் இது.

கடைசியாக ஒரு செய்தி. அரசுப் பள்ளிகளில் 8,209 ஹைடெக் லேப்கள், 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கத் தமிழ்நாடு அரசு கொடுத்த ஒப்பந்தம் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. டெண்டரில் ஜெயித்தது கெல்ட்ரான். கேரள அரசின் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். லேபைப் பார்த்துக்கொள்ள ஆட்களையும் அந்த ஒப்பந்தத்தின் வழியாகவே எடுத்தார்கள்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஆள். ஒப்பந்தத்தில்.